சோடா உப்பா, வினிகரா, கத்தியா: அசை நின்றுபோன மாட்டுக்கு எது?

குமரி மாவட்டத்துக்குக் களப்பயிற்சிக்கு வரும் கால்நடை மருத்துவ மாணவர்கள் இந்தக் காட்சியை அடிக்கடி பார்ப்பார்கள். மாடு தீனி எடுக்கவில்லை, அசை போடவில்லை, இடது விலாப்பக்கம் நிறைந்து கிடக்கிறது. நீங்கள் போய்ச் சேர்வதற்குள் வீட்டுக்காரர் சோடா உப்பைக் கரைத்து ஊற்றியிருப்பார். அந்தச் சோடா உப்பு ஒரு மாட்டைக் காப்பாற்றும், இன்னொரு மாட்டை மேலும் கெடுக்கும். உங்கள் முன்னால் நிற்பது எந்த மாடு என்பதை ரூமன் என்கிற பெரிய இரைப்பையின் திரவத்தைக் கண்ணால் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

குலசேகரம், திருவட்டார், அருமனை பக்கம் சக்கை (பலா) பழுக்கும் காலத்தில் அமில நோய் வரும். விழுந்த பழத்தை மாடு தானாகவே தின்றுவிடும், இல்லையென்றால் வீணாகப் போகிறதே என்று வீட்டாரே வெட்டிப் போடுவார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் கல்யாண வீட்டுச் சோறு, கஞ்சி, சாக்கைப் பிரித்துத் தின்ற அரிசி. எல்லாம் சட்டென்று புளிக்கும் மாவும் சர்க்கரையும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா முதலில் பெருகும், பிறகு லாக்டோபேசில்லஸ் கை ஓங்கும், லாக்டிக் அமிலம் சேரும். ரூமனின் பி.எச். (அமிலம் கூடினால் குறையும், காரம் கூடினால் ஏறும் அளவு) 5-க்கும் கீழே இறங்கும். ரூமனுக்குள் நீர் இழுக்கப்பட, உடம்பு வறண்டு போகும். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் “கொஞ்சம் சோறுதான் சாரே” என்பார்கள். எந்தப் பாத்திரத்தில் கொடுத்தார்கள் என்று கேட்டு, அந்தப் பாத்திரத்தையே காட்டச் சொல்லுங்கள்.

இதற்கு நேர் எதிரானது கார நோய். யூரியாவை நக்கிய மாடு, புரதத்தீவனம் மிஞ்சிப்போன மாடு. இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: இரண்டு நாள் ஒன்றும் தின்னாமல் எச்சிலை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்த மாட்டுக்கும் பி.எச். 7-ஐத் தாண்டும். எச்சிலே காரம்தானே, உள்ளே அதைச் சமன்செய்ய நொதித்தல் நடக்கவில்லை. இந்த மாட்டுக்கு மேலும் சோடா உப்பு கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

சரி, திரவத்தை எப்படி எடுப்பது? வாய்வழியாக ரூமனுக்குள் குழாய் விடுவது ஒரு வழி, விலாப்பக்கம் ஊசி குத்தி உறிஞ்சுவது இன்னொரு வழி. துல்லியம் என்று பார்த்தால் ஊசிதான். எச்சில் கலக்காது, பி.எச். 5.5-க்குக் கீழே என்றால் அமில நோய் என்ற எல்லையை நம்பி வைக்கலாம். பெரிய பண்ணையில் வெளியே சட்டெனத் தெரியாத மறைமுக அமில நோயைத் தேடும்போது அதுதான் சரி. ஆனால் வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடு நிற்கிற நம் ஊரில் நான் குழாயைத்தான் சொல்வேன். ஊசியால் சீழ்க்கட்டியோ வயிற்றுறை அழற்சியோ வந்தால் அந்தக் குடும்பத்துக்கு இருக்கிற ஒரே கறவையும் போய்விடும். குழாய் என்றால் வாயு வெளியேறும், அதன் வழியே மருந்தும் கொடுத்துவிடலாம். முதலில் வரும் 200 மில்லியைக் கொட்டிவிடுங்கள், அதில்தான் எச்சில் அதிகம். அப்படியும் பி.எச். அளவு கொஞ்சம் கூடுதலாகவே காட்டும், அதை மனதில் கழித்துக்கொள்ள வேண்டும்.

பி.எச். தாளை மட்டும் நம்பவும் கூடாது. சோறு தின்று ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தால், விழுங்கிய எச்சிலால் பி.எச். மீண்டும் ஏறி ஒன்றுமில்லாதது போலக் காட்டலாம். அப்போது கைகொடுப்பது நுண்ணோக்கி. நல்ல திரவத்தில் புரோட்டோசோவா என்ற ஒருசெல் உயிரிகள் நெருக்கியடித்து ஓடும். அமில நோயில் ஓட்டமே இருக்காது. திரவம் பால்போலச் சாம்பல் நிறத்தில், புளிப்பு நாற்றத்தோடு இருக்கும். நுண்ணோக்கி இல்லாத இடத்தில் 20 மில்லி திரவத்தில் 0.03 சதவீத மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் 1 மில்லி விட்டுப் பாருங்கள். நலமான திரவம் 3 முதல் 6 நிமிடத்தில் நிறத்தை அழித்துவிடும். 15 நிமிடம் தாண்டியும் நீலம் நின்றால் உள்ளே வேலை செய்ய ஆளில்லை.

அமிலம் உறுதியானால் சோடியம் பைகார்பனேட் (அதுதான் சோடா உப்பு) உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம், குழாய் வழியாக. மக்னீசியம் ஹைட்ராக்சைடும் அமிலத்தை நன்றாகவே அடக்கும். சோடா உப்பு உள்ளே போனதும் கரியமில வாயு கிளம்பும், அதனால் ஏற்கெனவே உப்பியிருக்கும் மாட்டில் மக்னீசியம் பக்கம் என் மனம் சாயும். ஆனால் அமிலம் இல்லாத மாட்டுக்கு மக்னீசியத்தைக் கொடுத்தால் உடம்பே காரமாகிவிடும், அந்த வகையில் சோடா உப்பைவிடவும் ஆபத்து. கார நோய்க்கு வினிகரும் குளிர்ந்த தண்ணீரும். எதையும் பாட்டிலில் அடைத்து, நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குப் போய்விட்டால் ரூமன் சரியாகியும் மாடு நிற்காது.

கடுமையான நோயில் வாய்வழி மருந்து போதாது. 450 கிலோ மாட்டுக்கு 5 சதவீத பைகார்பனேட் 5 லிட்டர், ரத்தக்குழாய் வழியாக அரை மணி நேரத்தில். நம் கலப்பின ஜெர்சி 300 கிலோ என்றால் 3.3 லிட்டர் கணக்கு வரும். கால்சியத்தையும் அதே குழாயில் கலந்துவிடாதீர்கள், வெள்ளையாகத் திரிந்துவிடும்.

அப்புறம் கழுவலா, கத்தியா என்ற கேள்வி. இங்கே தின்ற பொருள்தான் முடிவு செய்கிறது என்பது என் கருத்து. கஞ்சியும் குழைந்த சோறும் என்றால், 2.5 செ.மீ. உள்விட்டமுள்ள குழாயைப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரை விட்டுச் சாய்த்து, விட்டுச் சாய்த்து, 15-20 தடவை கழுவினால் பெரும்பகுதி வந்துவிடும். மாடு நின்றுகொண்டிருக்க வேண்டும், இரண்டு ஆள் வேண்டும், பொறுமை வேண்டும். சக்கை என்றால் கதை வேறு. சுளையும் நாரும் குழாயை அடைக்கும், கொட்டை அந்தத் துளையில் வரவே வராது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 110-ஐத் தாண்டி, பி.எச். 5-க்குக் கீழே, மாடு படுத்தும்விட்டது என்றால் கழுவிப் பார்ப்போம் என்று மதியம்வரை இழுக்காமல் ரூமினாட்டமிக்கு, அதாவது ரூமனைக் கத்தியால் திறந்து காலி செய்வதற்கு, போய்விடுங்கள். செலவும் உண்டு, தையல் கெடும் அபாயமும் உண்டு. வீட்டாரிடம் இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

மரச்சீனி என்கிற மரவள்ளியின் தோலோ இலையோ, ரப்பர் இலையோ தின்ற ஆடு திடீரென்று மூச்சு வாங்கி விழுந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. ஈறும் கண்ணிமையின் உட்பக்கமும் பளீர்ச் சிவப்பாக இருந்தால் அது சயனைடு. குழாய் தேடி நேரத்தைக் கழிக்காமல் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ரத்தக்குழாயில் போக வேண்டும்.

எந்த வழியில் ரூமனைக் காலி செய்தாலும், செத்த நுண்ணுயிர்களுக்குப் பதில் உயிருள்ளவை உள்ளே போனால்தான் அசை திரும்பும். நலமான மாட்டின் ரூமன் திரவம் குறைந்தது 3 லிட்டர், கிடைத்தால் 8 லிட்டருக்கு மேலும் கொடுக்கலாம். கடையில் விற்கும் ஈஸ்ட் பொடி இதற்கு ஈடாகாது. இறைச்சிக்கூடத்தில் அதிகாலையிலேயே சொல்லிவைத்தால் திரவம் கிடைக்கும். வடிகட்டி, சூடு ஆறும் முன் பிளாஸ்கில் கொண்டுபோங்கள். முதல் நாள் தண்ணீரை அளந்தே வையுங்கள், வைக்கோல் மட்டும் முன்னால் கிடக்கட்டும், புண்ணாக்கும் தவிடும் அசை போடத் தொடங்கிய பிறகு.