எட்டு வருஷச் சூளையும் ஞாபகமறதிப் பெட்டியும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பீங்கான் பொம்மை செய்கிறவள் நான். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு பெண் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அக்கா, பொம்மை சுட நீங்க வச்சிருக்கிற அதே சூளை இப்போ விலை இறங்கியிருக்கு. எடுக்கட்டுமா?" அவள் கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் ரிப்பேர்காரர் தன் பக்கியில் (இங்கே சின்ன லாரி வண்டிக்கு அப்படித்தான் பெயர்) வந்து, சூளைக்குள் சூடேற்றும் கம்பிச்சுருள் எல்லாவற்றையும் மாற்றி, பில்லை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆகவே இதைக் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன். படிப்பவர்கள் அதைக் கழித்துக்கொள்ளவும்.

அளவு, வாட்டேஜ் எல்லாம் விற்பவரின் தாளிலேயே இருக்கும், அதை விடுகிறேன். மேல்மூடி திறக்கும் சின்ன மின்சூளை. 30 ஆம்பியர் இழுக்கும். ஒரு தடவைக்கு ஐந்தாறு பொம்மைத் தலைகள் கொள்ளும். 2017இல் வாங்கி, டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அவுட்பில்டிங்கில் வைத்தேன். சூளை ஓடுகிற நாளில் கீசர் அணைந்திருக்க வேண்டும், கரண்ட் அடுப்பைத் தொடக்கூடாது. இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் பச்சைத்தண்ணீரில் குளித்த கதையை என் வீட்டுக்காரர் இன்னும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். இந்தச் சூளையில் சூடு மேலும் கீழும் ஒரே சீராக இருக்கிறது. பானை செய்கிறவருக்கு அது பெரிய விஷயமாக இல்லாமல் இருக்கலாம். பொம்மை முகத்துக்கு அதுதான் உயிர். முகத்துக்குப் பானை மாதிரிக் கண்ணாடி மெருகுப் பூச்சு கிடையாது. பீங்கானை ஏறக்குறைய 1220 டிகிரியில் சுட்டு எடுத்து, மழமழவென்று தேய்த்து, அதன்மேல் நிறத்தை ஏற்றுவோம். கன்னச் சிவப்புக்கு ஒரு தடவை, உதட்டுக்கும் புருவத்துக்கும் ஒரு தடவை, இமை மயிருக்கு இன்னொன்று என்று ஒவ்வொரு பூச்சுக்கும் 700 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே தனித்தனியாகச் சுட வேண்டும். சூடு குறைந்தால் நிறம் சாக்பீஸ் மாதிரி நிற்கும், விரலில் ஒட்டும். கூடினால் சிவப்பு வெளிறிப்போகும். இரட்டைப் பொம்மை கேட்டு வருகிறார்கள், இரண்டு முகமும் ஒரே கன்னத்தோடு வெளியே வர வேண்டும். எட்டு வருஷத்தில் அதில் இந்தச் சூளை என்னை ஏமாற்றியதே இல்லை.

பழைய பொம்மை ரிப்பேரில் சூளைக்குப் பாதி வேலைதான். நூறு வருஷத்து ஜெர்மன் தலையைச் சூளைக்குள் வைக்கக்கூடாது. உள்ளே எந்தக் காலத்துப் பசை, எந்த மயிரிழை விரிசல் என்று யாருக்குத் தெரியும்? இருட்டில் தலைக்குள் ஒரு சின்ன விளக்கை விட்டுப் பார்த்தால் விரிசல் கோடு கறுப்பாகத் தெரியும். அதைப் பசையாலும், சுடத் தேவையில்லாத குளிர்ப் பூச்சாலும்தான் சரிசெய்வேன். ஆனால் கை போயிருந்தால் புதுக்கை வார்க்க வேண்டும், அங்கே சூளை வேண்டும். டோங்காட்டிலிருந்து ஒரு பாட்டி கொண்டுவந்த பொம்மையின் பிடரியில் ஆர்மாண்ட் மார்சேல் என்ற ஜெர்மன் பொம்மைக் கம்பெனியின் பெயரும், 390 என்ற அச்செண்ணும் பதிந்திருந்தன. அந்த அச்செண் ஏராளமாகக் கிடைக்கும், விலை மதிப்பு அதிகமில்லை. ஆனால் அது அவருடைய அம்மா கரும்புத் தோட்டத்துத் துரை வீட்டில் வேலை பார்த்தபோது கிடைத்தது. ஒரு கையைக் காணோம். மிஞ்சியிருந்த கையை அளந்து பெரிதாக அச்செடுத்தேன், ஏனென்றால் சுடும்போது பீங்கான் சுருங்கும், என் களிக்குழம்பு ஏழில் ஒரு பங்கு சுருங்கிவிடும். தோல் நிறம் பொருந்துவதற்கு ஆறு சோதனைத் துண்டுகள் சுட்டேன். பெரிய சூளையாக இருந்திருந்தால் ஆறு தடவை ஓட்ட மனசு வந்திருக்காது. பாட்டி இரண்டு கைகளையும் தடவிப் பார்த்துவிட்டு, எது புதுசு என்று என்னையே கேட்டார்.

சரி, இனி அந்தப் பெட்டி.

சூளையின் பக்கவாட்டில் டிஜிட்டல் பெட்டி ஒன்று இருக்கிறது. எந்த வேகத்தில் சூடு ஏற வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் அது பார்த்துக்கொள்ளும். மின்சாரம் இருக்கும்வரை. போய் வந்தால், எங்கே விட்டோம் என்பது அதற்கு ஞாபகம் இருக்காது. சிவப்பு எழுத்து மின்னிக்கொண்டே நிற்கும், யாராவது வந்து பொத்தானை அமுக்கும்வரை. அமுக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதல் படியிலிருந்து மெதுவாக ஆரம்பிக்கும். இந்த ஊரில் விற்கிற ஒரு சாமானுக்கு இப்படி ஒரு குணம்!

2019 மார்ச்சில்தான் இது எனக்குத் தெரிந்தது. லோட் ஷெடிங் ஸ்டேஜ் 4, அதாவது முறைவைத்துக் கரண்டை வெட்டுவதில் கடுமையான கட்டம். 1100ஐத் தாண்டியபோது கரண்ட் போயிற்று. வந்தால் தானே ஓடும் என்று நம்பிப் படுத்துவிட்டேன். விடிகாலையில் போய்ப் பார்த்தால் சூளை வெதுவெதுப்பாக இருக்கிறது, சிவப்பு எழுத்து மின்னுகிறது. உள்ளே இருந்த ஐந்து தலையில் ஒன்றை எடுத்து நாக்கு நுனியில் வைத்தேன், பிஸ்கட் மாதிரி ஒட்டிக்கொண்டது. வெந்த பீங்கான் ஒட்டாது. மறுபடி சுட்டதில் நான்கு தேறின, ஒன்றுக்குக் கழுத்தில் விரிசல்.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்த பைன்டவுன் அம்மாளிடம் ஒரு கிழட்டுச் சூளை இருந்தது. டிஜிட்டலும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒரு சின்னக் கோன், அதாவது குறிப்பிட்ட சூட்டில் வளைகிற கூம்புத் துண்டு, அதன் மேல் ஒரு கம்பி படுத்திருக்கும். கோன் உருகி வளைந்ததும் கம்பி இறங்கும், இரும்புத் துண்டு 'டக்'கென்று விழும், சூளை அணையும். நடுவில் கரண்ட் நாலு தடவை போய் வந்தாலும் அதற்குக் கவலையில்லை. அதை நான் அப்போது கேலி செய்தேன்.

நியாயமாகச் சொன்னால், எல்லா டிஜிட்டல் பெட்டியும் இப்படியில்லை. கரண்ட் வந்ததும் உள்ளே எவ்வளவு சூடு இருக்கிறது என்று பார்த்து, தானே தொடர்கிறவை இருக்கின்றன. நான் வாங்கும்போது கேட்கவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன்: ஐந்தாம் எண்ணில் 'நேரே ஏறு, 1220இல் நில்' என்று ஒரு தனித் திட்டம் வைத்திருக்கிறேன். கரண்ட் வந்ததும் ஓடிப்போய் அதை அமுக்குவேன். அப்புறம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு துவாரத்தின் வழியாகக் கோன் சாய்கிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். இன்வெர்ட்டர் வாங்கு என்றார்கள். தெருவில் எல்லாரும் டிவிக்கும் வைஃபைக்கும் வைத்திருக்கிற இன்வெர்ட்டர் 7 கிலோவாட் சூளையை எங்கே தூக்கும்?

வேடிக்கை என்னவென்றால், நான் அதிகம் சுட்டது 2022 வெள்ளத்துக்குப் பிறகுதான். ஏப்ரல் மழையில் ஊரே அடித்துக்கொண்டு போனது. மின்கட்டமைப்பு கெட்டுப்போனதால் டர்பனுக்குச் சில மாதம் லோட் ஷெடிங்கிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். நாடு இருட்டில் கிடந்தபோது என் சூளை ராத்திரியெல்லாம் ஓடியது. 2023இல் எங்களுக்கும் கரண்ட் ஓயாமல் போனது, அதற்கும் சேர்த்து வட்டி கட்டினேன்.

2024 மார்ச் கடைசியில் லோட் ஷெடிங் நின்றது, பிறகு எப்போதாவதுதான் எட்டிப் பார்த்தது. அப்படியானால் எரிச்சல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. எவனாவது கேபிளை வெட்டிக்கொண்டு போனால் போதும், அதே சிவப்பு எழுத்து.

கம்பிச்சுருள் விஷயம் சுருக்கமாக. எட்டு வருஷத்தில் இது இரண்டாவது மாற்று. ஆறு மணி நேரத்தில் முடிகிற சூடு ஒன்பதுக்குப் போனதும் தெரிந்துவிடும். பழசை உருவும்போது கண்ணாடி மாதிரி ஒடிகிறது, செங்கல் விளிம்பும் சேர்ந்து உதிர்கிறது. கடல் காற்றுக்கு இப்படித்தான் என்றார் ரிப்பேர்காரர். சூளையைக் குறை சொல்ல மாட்டேன், பில்லைச் சொல்லுவேன்.

அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிய பதில்: வாங்காதே. சீரான சூடு, நல்ல மூடி, சின்னச் செலவு, எல்லாம் உண்மை. இருந்தும் வாங்காதே. கரண்ட் போய் வந்தால் தானே தொடருமா என்று கடைக்காரரிடம் கேள், கையைப் பிசைந்தால் வெளியே வந்துவிடு.

உடனே பதில் வந்தது: "அப்போ உங்க பழசைக் கொடுத்துடுங்களேன் அக்கா, நான் பார்த்துக்கிறேன்."

அது எப்படி முடியும்? புதுக் கம்பி போட்டிருக்கிறேன், செவ்வாய்க்கிழமை நான்கு தலை உள்ளே போக வேண்டும்.