டிஎன்ஏ ஓரிகாமியா, ஜீனோபாட்டா?

அறிவியல் புனைகதை எழுதுவோர் கேட்பது: நுண்ரோபோவுக்கு எந்த ஆய்வை அடித்தளமாக்கலாம்? டிஎன்ஏ இழையை மடித்துச் செய்யும் ஓரிகாமியையா, தவளைச் செல்களால் ஆன குட்டி ரோபோவான ஜீனோபாட்டையா?

அளவு: ஓரிகாமி சுமார் 100 நானோமீட்டர். ஜீனோபாட் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உற்றுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

மூலப்பொருள்: ஓரிகாமி, வைரஸின் நீண்ட டிஎன்ஏ இழையைக் குட்டி இழைகளால் மடிப்பது. இதை 2006-இல் விஞ்ஞானி பால் ரோத்மண்ட் செய்து காட்டினார். ஜீனோபாட், ஆப்பிரிக்கத் தவளையின் கருச்செல்கள். 2020-இல் வெர்மான்ட், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகங்கள் உருவாக்கியவை.

வேலை: 2012-இல் ஹார்வர்டில் செய்த ஓரிகாமிப் பீப்பாய், செல்லின் மேலுள்ள புரதம் பொருந்தினால்தான் திறக்கும். ஜீனோபாட்டோ வெட்டினாலும் தானே ஆறிவிடும். 2021-இல் சிதறிக் கிடந்த செல்களைக் குவித்துத் தன்னைப்போல இன்னொன்றையே ஆக்கியது. எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுவது இதுதான்.

ஆயுள்: இரண்டும் குறைவே. ஓரிகாமியை ரத்த நொதிகள் அரிக்கும். ஜீனோபாட்டுக்குக் கையிருப்புச் சத்து தீரும்வரைதான்.

உடலுக்குள் நடக்கும் மருத்துவக் கதைக்கு ஓரிகாமி. ‘இது உயிரா, கருவியா?’ என்று உலுக்கும் கதைக்கு ஜீனோபாட்.