எஞ்சின்களை மோதவிட எந்தத் தொடக்கம் நியாயம்?

யாங்கூனில் சித்துயின் என்ற பர்மிய செஸ் ஆடுபவர்களுக்குத் தெரியும், காய் அடுக்கும்போதே பாதி ஆட்டம் நடந்துவிடும். சிப்பாய்கள் மூன்றாம், நான்காம் வரிசைகளில் நிற்க, சிவப்பு முதலில் தன் காய்களை அடுக்கும். அதைப் பார்த்துக் கறுப்பு அடுக்கும். செஸ் எஞ்சின்களை, அதாவது செஸ் ஆடும் கணினி நிரல்களை, மோதவிட்டுப் பலம் பார்க்கும் சோதனையில் தொடக்கத்தை நாமே கொடுத்துவிடுகிறோம். அப்படியானால் நியாயத்துக்கும் நாம்தான் பொறுப்பு.

வழக்கமான தொடக்க நிலையிலிருந்தே ஆடவிடலாமே என்பார்கள். 2018இல் வெளியான ஆய்வில் ஆல்ஃபாஸீரோ என்ற எஞ்சின், ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்னொரு எஞ்சினுடன் 1000 ஆட்டம் ஆடி 155இல் வென்றது, 6இல் தோற்றது. மீதி 839ம் டிரா. அவ்வளவு பலம் இருந்தும் இந்தக் கதி; டிரா மிகுந்தால் யார் பலசாலி என்று தெரிவது கடினம். எஞ்சினோடு அதன் ஓப்பனிங் புத்தகத்தையும், அதாவது தொடக்க நகர்வுகளின் தொகுப்பையும், சேர்த்து விட்டாலோ, புத்தகம் தொகுத்தவரின் உழைப்பும் மதிப்பெண்ணில் கலந்துவிடும்.

கிராண்ட்மாஸ்டர் ஜான் நன் தேர்ந்த 10 சமநிலைகள் ஒரு காலத்தில் பெரிய உதவி. ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இருமுறை ஆட, 20 ஆட்டம். இன்றைய எஞ்சின்கள் சமநிலையைக் கையில் கொடுத்தால் நழுவவிடுவதில்லை. மறுபடியும் டிரா மழைதான். பின்வரிசைக் காய்களைக் குலுக்கி அடுக்கும் செஸ்960இல் புத்தக அறிவு செல்லாது, அது நல்லதே. ஆனால் அது வேறு ஆட்டத்தின் பலத்தையும் சேர்த்து அளக்கிறது.

என் ஓட்டு, ஒரு பக்கத்துக்குச் சாதகமாகச் சாய்ந்த நிலைகளுக்கு. ஸ்டெஃபான் போல் என்பவர் தொகுத்த யு.ஹெச்.ஓ. என்ற சாய்ந்த தொடக்கங்களின் வரிசையில் ஒரு தொகுப்பு, வெள்ளைக்கு 0.90 முதல் 1.19 சிப்பாய் அளவு (ஏறக்குறைய ஒரு சிப்பாய் கூடுதலாக இருப்பது போன்ற) சாதகம் உள்ள நிலைகளைக் கொண்டது. வேண்டுமென்றே ஓரவஞ்சனை! ஆனால் இரண்டு எஞ்சினும் அதே நிலையை இரு நிறத்திலும் ஆட வேண்டும். இரண்டுமே வெள்ளையில் வென்றால் 1-1, ஒன்றும் தெரியவில்லை. ஒன்று வெள்ளையில் வென்று, கறுப்பில் தாக்குப்பிடித்து டிரா செய்தால் 1½-½. அந்த அரைப் புள்ளியில்தான் உண்மையான பலம் தெரிகிறது. சாய்வு மிகுந்தால் எல்லா ஜோடியும் 1-1 ஆகிவிடும். குறைந்தால் எல்லாம் டிரா. அதனால் அளவுதான் முக்கியம்.

கணக்கையும் ஜோடியாகவே போட வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் குழு தன் சோதனைகளில் ஜோடியின் மொத்தப் புள்ளியை 0, ½, 1, 1½, 2 என ஐந்து வகையாகப் பிரித்தே எண்ணுகிறது. நம் ஊரில் கரண்ட் எந்நேரமும் போகும். ஜோடியில் இரண்டாம் ஆட்டம் பாதியில் நின்றுபோனால் முதல் ஆட்டத்தையும் சேர்த்து நீக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் சாய்வின் பலன் ஒரே பக்கம் போய்ச் சேரும்.