நார்ச்சத்தா, மருந்தா, அறுவையா: டைவர்டிகுலோசிஸுக்கு எது, எப்போது?

வேறு ஏதோ காரணத்துக்காகச் செய்துகொண்ட கொலோனோஸ்கோபியின் (பெருங்குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் ‘டைவர்டிகுலோசிஸ்’ என்ற சொல்லைக் கண்டு கலங்கிப்போகிறவர்கள் பலர். பெருங்குடலின் தசைச்சுவரைத் துளைத்துக்கொண்டு ரத்தக்குழாய்கள் உள்ளே நுழையும் இடங்கள் இயல்பாகவே சற்று வலுக்குறைந்தவை; குடலுக்குள் அழுத்தம் கூடும்போது உட்படலம் அந்த இடைவெளிகளின் வழியே வெளிப்புறமாகப் பிதுங்கி, பட்டாணி அளவுள்ள சிறு பைகளாக நின்றுவிடுகிறது. கொலோனோஸ்கோபித் திரையில் இவை இளஞ்சிவப்புச் சுவரில் ஆங்காங்கே உள்ள வட்டமான கருந்துளைகளாகத் தெரியும். வயது ஏற ஏற இவை பெருகுவது வழக்கம். மேலை நாடுகளில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இவை உண்டு.

பைகள் மட்டும் இருந்தால் அது டைவர்டிகுலோசிஸ். அவற்றில் அழற்சி ஏற்பட்டு, வயிற்றுவலியும் காய்ச்சலும் வந்தால் அது டைவர்டிகுலைட்டிஸ். பைகள் உள்ளவர்களில் 10 முதல் 25 சதவீதம் பேருக்கு அழற்சி வரும் என்று முன்பு சொல்லப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அதை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டன. வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இந்த இரு நிலைகளையும் பிரித்துப் பார்ப்பது மிக அவசியம், ஏனெனில் ஒரு நிலையில் நன்மை செய்யும் அதே வழி இன்னொரு நிலையில் வலியைக் கூட்டக்கூடும்.

முதல் ஒப்பீடு உணவைப் பற்றியது. நார்ச்சத்துக் குறைந்த உணவே பைகள் உருவாகக் காரணம் என்று 1971-இல் பெயின்டர், பர்க்கிட் ஆகிய மருத்துவர்கள் இருவரும் முன்வைத்த கருத்து பல பத்தாண்டுகள் கோலோச்சியது. ஆனால் 2012-இல் அமெரிக்காவில் கொலோனோஸ்கோபி செய்துகொண்டவர்களிடம் நடந்த ஆய்வில், நார்ச்சத்து மிகுதியாக உண்பவர்களிடம் பைகள் குறைவாக இருப்பதாகத் தெரியவில்லை. இதை வைத்து நார்ச்சத்தால் பயனில்லை என்று முடிவுகட்டுவது பெரும் தவறு என்பது என் கருத்து. பைகள் தோன்றுவது ஒரு கேள்வி, இருக்கும் பைகள் தொல்லை கொடுப்பது வேறொரு கேள்வி; இரண்டாவதில் நார்ச்சத்தின் பக்கமே சான்றுகள் சாய்கின்றன. பிரிட்டனில் 47,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியான ஆய்வில், சைவ உணவினருக்கு இந்நோயின் பாதிப்பு ஏறத்தாழ 31 சதவீதம் குறைவாக இருந்தது.

நார்ச்சத்தை உணவிலிருந்து பெறுவதா, இசப்கோல் போன்ற பொடியிலிருந்து பெறுவதா என்று கேட்டால், முழுத்தானியம், பருப்பு, பழம், காய்கறி ஆகியவற்றுக்கே முதலிடம் தருவேன். நாளொன்றுக்கு 25 முதல் 35 கிராம் என்ற அளவை உணவாலேயே எட்ட முடியாதவர்களுக்குப் பொடி நல்ல துணை. அதைத் தண்ணீரில் கலந்து சில நிமிடங்கள் விட்டால் கூழ்போல உப்பிக் கெட்டியாவதைக் காணலாம். போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் அதே உப்பல் தொண்டையிலோ குடலிலோ நிகழ்ந்து அடைப்பை உண்டாக்கும். எதைத் தேர்ந்தாலும் அளவைச் சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டாவிட்டால் வாயுத்தொல்லை வந்து, பலர் பாதியிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். அழற்சி உச்சத்தில் இருக்கும் நாள்களில் மட்டும் நீராகாரமும் எளிதில் செரிக்கும் மென்மையான உணவும் ஏற்றவை. நார்ச்சத்து மிகுந்த உணவுக்கு வலி தணிந்த பிறகே திரும்ப வேண்டும்.

விதைகளும் கொட்டைப்பருப்புகளும் பைகளில் சிக்கிக்கொள்ளும் என்ற அச்சத்தில் அவற்றை விலக்குவோர் இன்னமும் உள்ளனர். அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு இந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று 2008-இலேயே காட்டிவிட்டது.

அழற்சி வந்துவிட்டால் ஆண்டிபயாட்டிக் கொடுப்பதா, கவனித்துக் காத்திருப்பதா என்பதுதான் அண்மைக்கால மருத்துவத்தில் மிகவும் மாறிப்போன பகுதி. சீழ்க்கட்டி, துளை, அடைப்பு எதுவும் இல்லை என்று சி.டி. ஸ்கேன் உறுதிசெய்த எளிய அழற்சியில், ஆண்டிபயாட்டிக் பெற்றவர்களும் பெறாதவர்களும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் குணமடைந்தனர் என்று ஸ்வீடன், ஐஸ்லாந்து நாடுகளில் 623 பேரிடம் நடந்த ஆய்வு 2012-இலும், நெதர்லாந்தில் 528 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இலும் கண்டறிந்தன. தேவையற்ற ஆண்டிபயாட்டிக்கால் வயிற்றுப்போக்கும் கிருமிகளின் எதிர்ப்புத்திறனும் வளர்கின்றன என்பதால், உடல்நலம் நன்றாக உள்ள ஒருவருக்குக் காத்திருப்பதே மேல் என்று கருதுகிறேன். நோயெதிர்ப்பு குன்றியவர்கள், கர்ப்பிணிகள், கடும் காய்ச்சலோ நீடித்த வாந்தியோ உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த வாதம் பொருந்தாது. அவர்களுக்கு ஆண்டிபயாட்டிக் தேவை. காத்திருப்பதும் மருத்துவரின் கண்காணிப்பில் நடக்க வேண்டிய ஒன்றே தவிர, ஸ்கேன் எடுக்காமல் வீட்டிலேயே வலியைப் பொறுத்துக்கொள்வதற்கு அது பெயரல்ல. வலியே இல்லாமல் மலத்துடன் ரத்தம் கொட்டினால், அது பெரும்பாலும் தானே நின்றுவிடும் என்றாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை, இரண்டு முறை அழற்சி வந்தால் பாதிக்கப்பட்ட குடல் பகுதியை வெட்டி நீக்கிவிட வேண்டும் என்பது பழைய விதி. குடலில் துளை விழும் ஆபத்து முதல் தாக்குதலின்போதே அதிகம், அடுத்தடுத்து வருபவற்றில் அது கூடுவதில்லை என்பது தெரிந்த பிறகு, வெறும் எண்ணிக்கையைக் கொண்டு முடிவெடுக்கும் வழக்கம் தளர்ந்துவிட்டது. அழற்சி அடிக்கடி திரும்புவதாலோ வலி ஓயாததாலோ அன்றாட வாழ்க்கையே முடங்கிக் கிடப்பவருக்கு அறுவை உண்மையான நிம்மதியைத் தரலாம். ஆண்டுக்கணக்கில் எப்போதோ ஒருமுறை லேசாக வந்து போகிறவருக்கு அதன் சிக்கல்களை ஏற்க வேண்டிய தேவை இல்லை. வெட்டிய பின்னும் மீதமுள்ள குடலில் அழற்சி மீண்டும் வரலாம் என்பதை முடிவெடுப்பதற்கு முன்பே நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும். மறுதாக்குதலைத் தடுக்கும் நோக்கில் தரப்பட்ட, குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மாத்திரைகள் பெரிய ஆய்வுகளில் பலன் தரவில்லை.

பலரும் கவனிக்காமல் விடும் தேர்வு ஒன்று வலிமாத்திரையில் இருக்கிறது. மூட்டுவலிக்கோ தலைவலிக்கோ ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை வாடிக்கையாக விழுங்குவது பைகளில் அழற்சியையும் ரத்தக்கசிவையும் தூண்டக்கூடும். பாரசிட்டமால் இவர்களுக்குப் பாதுகாப்பானது. இதயத்துக்காகக் குறைந்த அளவில் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது; அதை இதய மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.