டேப்பா, கோலா? கைவாளா, மெஷினா? அளவு பிசகாத தச்சுவேலைக்கு எதை முதலில் வாங்குவது

தச்சுவேலை தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது எந்த மெஷின் வாங்கலாம் என்றுதான். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லிவிடும் பட்டியலிலும் வட்டவாளும் டிரில்லுமே மேலே இருக்கும். என் அபிப்பிராயம் வேறு. கையிலிருக்கும் காசில் முதல் பங்கு செங்கோணம் பார்க்கும் ஒரு நல்ல மூலைமட்டத்துக்கும் கோடு கீறும் கத்திக்கும் போகவேண்டும். மெஷின் பிறகு. கோடு பிழைத்துவிட்டால் எந்த வாளாலும் அதைத் திருத்த முடியாது.

ஒன்றுக்கொன்று போட்டியாகக் கடையில் கிடக்கும் சாமான்களைச் சோடி சோடியாக எடுத்துப் பார்க்கிறேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் கை வைக்கும் மரங்களுக்கு ஏற்றபடிதான் இந்தத் தீர்ப்புகள்: வேம்பு, பலா, தேக்கு, வன்னிப் பக்கத்து முதிரையும் பாலையும், பனை, பழைய நாற்சார் வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் வளைகளும் நிலைகளும்.

டேப்பும் உருக்கு அளவுகோலும்

டேப்பின் நுனிக் கொக்கி ஆடுகிறது என்று சிலர் அதைத் தட்டி இறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யக்கூடாது. கொக்கியின் தகட்டுத் தடிப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு அது முன்னும் பின்னும் அசையவேண்டும். வெளி ஓரத்தில் கொளுவி இழுக்கும்போது கொக்கி வெளியே வரும். அலுமாரிக்குள் விட்டுச் சுவரில் முட்டும்போது உள்ளே போகும். இரண்டு விதமாக அளந்தாலும் கணக்குச் சரியாக வருவதற்காகத்தான் அந்த ஆட்டம். ஆனால் நிலத்தில் விழுந்து விழுந்து கொக்கி வளைந்த பிறகு அந்த டேப்பை நம்ப முடியாது.

வாங்கும்போது நாடாவின் தொடக்கத்தில் ரோம எழுத்தில் I அல்லது II என்று அடித்திருக்கிறதா பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி இரண்டாம் தர டேப்பில் 1 மீற்றருக்கு 0.5 மில்லிமீற்றர் வரையும், 5 மீற்றருக்கு 1.3 மில்லிமீற்றர் வரையும் பிசகலாம். முதல் தரமென்றால் 5 மீற்றருக்கு 0.6. கூரைக்கும் கதவு நிலைக்கும் இரண்டாம் தரமே தாராளம். இழுத்துத் திறக்கும் லாச்சிக்குப் போதாது.

லாச்சி, சின்னப் பெட்டி, கதிரைக் கால் போன்றவற்றுக்கு 300 மில்லிமீற்றர் உருக்கு அளவுகோல்தான் சரி. நுனியிலேயே பூச்சியம் தொடங்கும், அரை மில்லிமீற்றர் கோடுகள் செதுக்கப்பட்டிருக்கும். அதைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்திப் பிடித்தால் கோடு மரத்தில் நேரே தொடும். சரிவாகப் பார்த்துக் குறிக்கும் பிழை இல்லாமல் போகும். டேப்பில்தான் துல்லியமாக அளக்கவேண்டி வந்தால் கொக்கியை விட்டுவிட்டு 10 சென்ரிமீற்றர் கோட்டிலிருந்து தொடங்கி, கடைசியில் 10ஐக் கழித்துவிடுங்கள்.

அங்குலமா, மில்லிமீற்றரா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்து வரும். மரக்காலையில் அடி, அங்குலக் கணக்கில் பேசினால்தான் வேலை நடக்கும். நூல் கணக்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டிலொன்று, மூன்று மில்லிமீற்றருக்கும் சற்று மேல். ஒரு மூட்டில் அரை நூல் இடைவெளி இருந்தாலே கண்ணுக்குத் தெரியும். பதினேழு அங்குலம் ஐந்து நூலில் பாதி எவ்வளவு என்று நின்று யோசிக்கவேண்டும். 448 மில்லிமீற்றரில் பாதி 224 என்று வாய் தானாகச் சொல்லும். மரத்தை அங்குலத்தில் வாங்கி, வேலையை மில்லிமீற்றரில் செய்யுங்கள்.

மூன்று மட்டங்கள்

முதலாவது எங்கள் தச்சர்களிடம் காலங்காலமாக இருக்கும் நிலையான மூலைமட்டம்: மரக் கட்டையில் உருக்கு அலகு பதித்தது. இரண்டாவது, அளவுகோலை முன்னும் பின்னும் தள்ளி இறுக்கக்கூடிய கூட்டு மட்டம். அமெரிக்காவின் லாரோய் ஸ்ராரெற் 1879இல் காப்புரிமை எடுத்தது இது. மூன்றாவது முக்கோண வடிவ ஸ்பீட் ஸ்குயர், அல்பேட் ஸ்வான்சன் 1925இல் கூரைவேலைக்கென்று செய்தது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கூட்டு மட்டத்தை வாங்குங்கள். 90 பாகையும் 45 பாகையும் ஒரே தலையில் கிடைக்கும். துளையின் ஆழம் பார்க்கலாம். அலகை 20 மில்லிமீற்றரில் இறுக்கி, நுனியில் பென்சிலை வைத்துப் பலகையின் ஓரத்தோடு இழுத்துக்கொண்டு போனால் சமாந்தரக் கோடு விழும். ஒரு குறை உண்டு: மலிவானதில் அலகுக்கும் தலைக்கும் இடையே ஆட்டம் இருக்கும். கடையிலேயே திருகை இறுக்கிவிட்டு நுனியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். அசைந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஸ்பீட் ஸ்குயரை முதலில் நான் பெரிதாக எண்ணவில்லை. இப்போது வட்டவாள் எடுக்கும் எவருக்கும் அதை வற்புறுத்திச் சொல்கிறேன். ஒரே வார்ப்பு அலுமினியம், கழன்று ஆட ஒன்றுமில்லை, துருவும் பிடிக்காது. நாலு அங்குலச் சட்டத்தில் அதன் உதட்டைக் கொளுவிப் பிடித்து, வாளின் அடித்தட்டை அதோடு உரசிக்கொண்டு தள்ளினால் வெட்டு நேராக விழும்.

எதை வாங்கினாலும் ஒரு சோதனை கட்டாயம். ஓரம் நேராகச் சீவிய பலகை ஒன்றை எடுங்கள். மட்டத்தை அந்த ஓரத்தில் அணைத்து, கூரான கத்தியால் 200 மில்லிமீற்றர் நீளத்துக்கு ஒரு கோடு கீறுங்கள். பிறகு மட்டத்தை மறுபக்கம் புரட்டி, கோட்டின் அடியில் அதே புள்ளியில் வைத்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. நுனியில் 1 மில்லிமீற்றர் விலகினால் உண்மையான பிசகு அதில் பாதி, அரை மில்லிமீற்றர். சின்னதாகத் தெரியும். அதே மட்டத்தைப் பிடித்து 600 மில்லிமீற்றர் அகலமான அலுமாரிப் பலகையை வெட்டினால் ஒன்றரை மில்லிமீற்றர் சரிந்திருக்கும்; கதவு பொருத்தும்போது அது முகத்தில் தெரியும்.

கூரைவேலைக்கு எடுக்கும் பெரிய எல் வடிவத் தகட்டு மட்டம் இந்தச் சோதனையில் தோற்றால் எறிய வேண்டாம். கோணம் குறுகியிருந்தால் உள்மூலைக்குக் கிட்டக் கூர் நுனியுள்ள பஞ்ச் ஆணியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. அந்த இடத்து உலோகம் விரிந்து கோணம் திறக்கும். கோணம் விரிந்திருந்தால் வெளிமூலைக்குக் கிட்டத் தட்டவேண்டும். மெல்லத் தட்டி, திரும்பவும் புரட்டிப் பார்த்து, திரும்பவும் தட்டுங்கள்.

கடற்காற்று இங்கே உருக்கைச் சும்மா விடாது. வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் அலகை ஒரு துடை. தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

பென்சிலும் கத்தியும்

இந்தச் சோடியில்தான் தரம் ஒரேயடியாக மாறுகிறது. தச்சுப் பென்சில் மழுங்கினால் கோட்டின் தடிப்பே 1 மில்லிமீற்றர் வரும். எந்தக் கரையில் வெட்டுவது என்பது ஊகம் ஆகிவிடும். கத்திக் கோட்டுக்குத் தடிப்பு இல்லை. மேல் நாரையும் அது முன்கூட்டியே அறுத்துவிடுவதால் வாள் போகும்போது ஓரம் பிய்யாது.

ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டிய கத்தி வேண்டும். தட்டையான பக்கம் மட்டத்தின் அலகோடு ஒட்டி நிற்கவேண்டும். முதல் இழுப்பு மிக மெதுவாக, வெறும் தடம் விழுந்தால் போதும். அழுத்தினால் கத்தி மர இழையோடு ஓடிவிடும். இரண்டாவது இழுப்பில் கொஞ்சம் பாரம். மூன்றாவதில் ஆழம். பிறகு கழிவுப் பக்கத்திலிருந்து உளியைச் சரித்துப் பிடித்து ஒரு மெல்லிய சீவல் எடுங்கள். கோட்டின் ஒரு பக்கம் செங்குத்துச் சுவர், மறுபக்கம் சரிவு என்று ஒரு சின்ன வாய்க்கால் கிடைக்கும். வாளின் அலகு அந்தச் சுவரில் போய்த் தானாக உட்காரும். புதிதாகப் பழகுகிறவர்கூட இப்படிச் செய்தால் கோட்டிலேயே அரிவார்.

பென்சில் வெல்லும் இடங்களும் உண்டு. மர இழையின் போக்கிலேயே நீளமாகக் கோடு போடும்போது கூர்ப் பென்சில்தான் வசதி. பனையில் கத்தியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்: கறுத்த வைர நார்கள் கத்தியைத் தம் போக்குக்கு இழுக்கும், கோடும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் பென்சில் கோடு போடுவதே நல்லது.

ஓரத்துக்குச் சமாந்தரமாகக் கீறும் வரைகட்டையிலும் இதே போட்டி. ஆணி வைத்தது குறுக்கு இழையில் மரத்தைக் கிழிக்கும். சின்னச் சக்கரக் கத்தி வைத்தது அறுக்கும். சக்கரத்தை எடுங்கள்.

தள்ளுவாளும் இழுவாளும்

எங்கள் கைவாள் தள்ளும்போது அறுக்கும். தள்ளினால் தகடு வளையப் பார்க்கும், அதனால் தகடு தடிப்பாக இருக்கவேண்டும். ஜப்பானிய வாள் இழுக்கும்போது அறுக்கும். இழுபடும் தகடு நேராக நிற்பதால் அரை மில்லிமீற்றர் தகடே போதும். முதுகில் பட்டை போட்ட டொசுக்கி வாளில் தகடு இன்னும் மெல்லியது, 0.3 மில்லிமீற்றர் அளவில். வெட்டு ஒடுங்கியது, அரிமுகம் சீவத் தேவையில்லாத அளவுக்கு வழுவழுப்பானது. நிலத்தில் இருந்து காலால் மரத்தை மிதித்து அரியும் பழக்கம் உள்ளவர்களுக்கு இழுவாள் கைக்குச் சட்டென்று ஒத்துப்போகும். இருபுறமும் பல் உள்ள ரியோபா ஒன்று இருந்தால் நீளவாட்டுக்கும் குறுக்குக்கும் அதுவே போதும்.

பிறகேன் எல்லாரும் அதற்கு மாறவில்லை? மரம்தான் காரணம். அந்த மெல்லிய நீட்டுப் பற்கள் ஜப்பானில் புழங்கும் மென்மையான ஊசியிலை மரங்களுக்கென்று வளர்ந்தவை. பாலையிலோ வைரம் பாய்ந்த முதிரையிலோ அவசரப்பட்டால் பல் முறியும். பழைய வீட்டு வளையில் மறைந்திருக்கும் ஆணி ஒன்று போதும், ஒரு வரிசைப் பல்லே போய்விடும். இன்று கடையில் கிடைக்கும் இழுவாள்களில் பெரும்பாலானவை பல் நுனியை மட்டும் சூடாக்கிக் கடினமாக்கியவை. அரம் அதில் ஏறாது, அலகையே மாற்றவேண்டும். சாதாரணக் கைவாளை மூன்றுமூலை அரத்தால் வீட்டிலேயே தீட்டலாம். பனை வாளை மழுக்குவதில் மன்னன், அதன் நாரோடு சிலிக்கா துணுக்குகள் இருக்கின்றன. ஆகவே பனைக்கும் பழைய மரத்துக்கும் தீட்டக்கூடிய தள்ளுவாள். பலா, தேக்கு, மூட்டு வேலை என்றால் இழுவாள். இரண்டையும் வாங்கினாலும் ஒரு நல்ல மெஷினின் விலை வராது.

வட்டவாளும் மேசைவாளும்

ஒட்டுப்பலகை முழுத்தாள் வெட்டுகிறவருக்கு மெஷின் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் மேசைக்கடியிலிருந்து அலகு மேலே நீட்டி நிற்கும் மேசைவாளுக்கு முன் கைவட்டவாளும் ஒரு வழிகாட்டிப் பலகையும் போதும் என்பேன். வழிகாட்டியை நீங்களே செய்யலாம். 9 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகைத் துண்டின்மேல் நேரான சட்டம் ஒன்றை ஒட்டித் திருகுங்கள். பசை காய்ந்ததும் வாளின் அடித்தட்டைச் சட்டத்தோடு அணைத்து ஓட்டினால், வெளியே நீட்டி நிற்கும் பலகை அறுபட்டுவிடும். அந்த அறுபட்ட ஓரம்தான் இனி உங்கள் வெட்டுக்கோடு. அதைக் குறியில் வைத்துக் கிளாம்ப் போட்டு ஓட்டுங்கள், கூட்டல் கழித்தல் எதுவும் வேண்டாம். கைவட்டவாள் கீழிருந்து மேல்நோக்கி வெட்டுவதால் மேல்முகம்தான் பிய்யும். வடிவான முகம் கீழே இருக்கட்டும். மேசைவாளில் இது தலைகீழ்.

ஒரே அகலத்தில் பல சட்டங்கள் வேண்டுமென்றால் மேசைவாளுக்கு நிகரில்லை. மரம் அணைந்து ஓடும் சட்டமான வேலியை ஒரு தடவை பூட்டிவிட்டால் எத்தனை சட்டம் எடுத்தாலும் அகலம் மாறாது. வேலி அலகுக்குச் சமாந்தரமாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கவேண்டும். பின்பக்கம் ஒடுங்கினால் மரம் இறுகி, திரும்பி உங்கள்மேல் பாயும். அலகின் பின்னே நிற்கும் பிளவுக் கத்தி அதைத் தடுக்கத்தான் இருக்கிறது. கைவட்டவாளைக் கவிழ்த்து மேசைக்கடியில் பூட்டி, மூடியும் பிளவுக் கத்தியும் இல்லாமல் ஓட்டுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. விரல் போனால் வராது. அப்படி ஒரு மேசைவாள் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல்.

படச்சட்டம் போன்ற 45 பாகை வெட்டுக்கு மைட்டர் வாள் வாங்கினால், அதன் பாகைத் தட்டில் உள்ள குறியை அப்படியே நம்பாதீர்கள். நாலு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரைப் பாகை பிசகினால் கடைசி மூலையில் 4 பாகை வாய் பிளந்து நிற்கும்.

அளக்காமல் அளப்பது

இவ்வளவு சாமானையும் ஒப்பிட்ட பிறகும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும்: இலக்கத்தைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் பிழைக்கு ஒரு வாசல் திறக்கிறது. ஒரே நீளத்தில் எட்டுக் கால் வேண்டுமென்றால் எட்டுத் தடவை டேப் பிடிக்காமல், வாளருகே ஒரு கட்டையைக் கிளாம்ப் போட்டு அதில் முட்டவைத்து அரியுங்கள். அலுமாரி தட்டுக்கு ஒரு மெல்லிய சலாகை எடுத்து, தட்டு வரும் இடங்களையெல்லாம் அதிலேயே குறித்து, அந்தக் குறியை நேரே பலகைக்கு மாற்றுங்கள். சமபங்காகப் பிரிக்கக் கவராயம் போதும். 18 மில்லிமீற்றர் என்று விற்கும் ஒட்டுப்பலகை பெரும்பாலும் அதைவிட மெல்லியது; அது செருகும் பள்ளமான காடிக்கு அளவு எடுக்க வேர்னியர் அளவி தேடுவதைவிட அந்தப் பலகையையே வைத்து இரண்டு பக்கமும் கத்தியால் கீறுவது சரியாக வரும்.

மரமும் ஒரே அளவில் நிற்பதில்லை. நீளவாட்டில் அசைவு மிகச் சொற்பம், அகலவாட்டில்தான் ஊதியும் சுருங்கியும் வரும். சோளகக் காற்றில் காய்ந்து கிடந்த பலகையில் லாச்சி முகத்தை ஒட்டி உரசும்படி செய்துவிட்டால், கார்த்திகை மழையில் அது இறுகி இழுக்க வராது. கோடையில் பொருத்தும் லாச்சிக்கு மேலே 2 மில்லிமீற்றர் வெளி விடுங்கள். மாரியில் பொருத்துவதென்றால் அதில் பாதி போதும்.