எஞ்சின் லைட் அணைந்துவிட்டதா? சாவியை ஆன் செய்து பாருங்கள்

பெங்களூரில் பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பழுதை அப்படியே விட்டுவிட்டு, பழுதைக் காட்டும் விளக்கை மட்டும் மறைத்துக் கொடுக்கும் வேலை இங்கே நடக்கிறது. என் காரில் நடந்தது.

2011 மாடல் கரோலா ஆல்டிஸ், பெட்ரோல். 1,80,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டி. அம்மாவைத் தர்மபுரிக்கு அழைத்துப்போய் வருவது இதில்தான். மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் நிற செக் எஞ்சின் லைட் ஒருநாள் வந்தது, அணையவே இல்லை. ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. சிக்னலில் ஏசியோடு நின்றால் லேசாக உதறும், அவ்வளவுதான்.

ஓசூர் ரோடு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சூப்பர்வைசர் தமிழ்க்காரர், மரியாதையாகப் பேசினார். பழுதுக்கான கோடு (code) எண்ணைக் காட்டும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "பி-0171 காட்டுது சார். ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு, பழைய வண்டில இது சகஜம்" என்றார். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது இந்த சென்சார். பில் 9,800 ரூபாய். விளக்கு அணைந்தது. ஒரு வாரம் போல ஓடியிருக்கும், மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. திரும்பப் போனால், "அப்போ கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்தான் சார், 38,000 ஆகும்" என்றார். புகையைச் சுத்தப்படுத்தும் பாகம் அது. முடியாது என்றதும் இன்ஜெக்டர் கிளீனிங், ஈசியு (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) ரீசெட் என்று 5,500 வாங்கிக்கொண்டு வண்டியைத் தந்தார்கள். "இனிமே லைட்டே வராது சார்."

வரவும் இல்லை. ஆனால் உதறல் அப்படியே இருந்தது, மைலேஜும் இறங்கியது. அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, ஸ்ரீராமபுரத்தில் ஷெட் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன்.

அவர் பானட்டைத் திறக்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியை ஆன் வரைக்கும் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரையே பார்த்தார். பேட்டரி, ஆயில், ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் எரிந்தன. எஞ்சின் படம் வரவேண்டிய இடம் மட்டும் இருட்டாக இருந்தது. "இங்க பாருங்க தம்பி, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இதுவும் எரியணும். எரிஞ்சு, வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரியவே இல்லைன்னா யாரோ கை வச்சிருக்கணும், இல்லைன்னா பல்பு போயிருக்கணும்" என்றார்.

ஸ்கேனரைச் செருகினார். விளக்கு ஆன் என்று ஸ்கேனரில் வந்தது. அதாவது ஈசியு விளக்கை எரியச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. மீட்டரைக் கழற்றிப் பிரித்தார். எஞ்சின் படத்துக்குப் பின்னால், சுண்டுவிரல் நகம் அளவுக்கு அளவெடுத்து வெட்டிய கறுப்பு டேப். அதைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். பசை இன்னும் ஈரமாகவே ஒட்டியது.

பணம் போனதை விட இதுதான் எனக்கு ஆறவில்லை. இந்த விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியைக் காட்டச் சொல்கிறது. விட்டுவிட்டு மின்னினால் எஞ்சின் கடுமையாக மிஸ் ஆகிறது, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதைப் பழுக்கக் காய்ச்சுகிறது என்று அர்த்தம். உடனே வேகத்தைக் குறைத்து, ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். கிருஷ்ணகிரி ரோட்டில் அம்மாவை வைத்துக்கொண்டு போகும்போது அப்படி மின்னியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

உண்மையான பழுது என்ன தெரியுமா? பி-0171 என்றால் காற்றுக்குத் தகுந்த பெட்ரோல் இல்லை என்று பொருள். சென்சார் போய்விட்டது என்று பொருள் இல்லை. சென்சார் சரியாக வேலை செய்வதால்தான் பெரும்பாலும் அந்தக் கோடே வருகிறது. பெரியவர் எஞ்சினை ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டு ஃபியூவல் டிரிம் பார்த்தார். காற்றுக்கு ஈடுகட்ட ஈசியு பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவு அது. ஈசியு 24 சதவீதம் கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரை 2,500 ஆர்பிஎம்மில் பிடித்ததும் அது 6 சதவீதத்துக்கு இறங்கியது. ஐடிலில் அதிகம், ரேஸ் கொடுத்தால் குறைகிறது என்றால் எங்கேயோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. மாறாக, ரேஸ் கொடுக்கக் கொடுக்க ஏறினால் ஏர்ஃப்ளோ சென்சாரையோ பெட்ரோல் பம்ப்பையோ பார்க்க வேண்டும் என்றார். அப்புறம் எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கத்து ஹோஸ்கள் மேல் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தார். பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்) வளைவுக்கு வந்ததும், அந்த வழியாக அது உள்ளே போய் எஞ்சின் சத்தம் மாறியது. அடிப்பக்கம் விரலால் தடவினால் வெடிப்பு தெரிந்தது. ஹோஸும் கூலியும் சேர்த்து 900 ரூபாய். உதறல் அன்றைக்கே நின்றது.

போகிற போக்கில் அந்த "புது" சென்சாரையும் காட்டினார். ஒயர் முழுக்க வருஷக் கணக்கான எண்ணெய்ப் புழுதி. நட்டில் ஸ்பேனர் பட்ட தடயமே இல்லை, துரு பைப்போடு சேர்ந்து பிடித்திருந்தது. அதை யாரும் தொடவே இல்லை. முதல் தடவை விளக்கு அணைந்ததற்குக் காரணம் ஸ்கேனரில் அந்தக் கோடு எண்ணை அழித்ததுதான். கோடு எண்ணை அழித்தால் ஈசியு எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்க ஆரம்பிக்கும். இந்த மாதிரி பழுது இன்னொரு ஓட்டத்திலும் உறுதியான பிறகுதான் விளக்கைப் போடும். அந்த இடைவெளியில் பில்லை வாங்கிக்கொண்டு நம்மை அனுப்பிவிடுகிறார்கள்.

டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "பசங்க யாரோ பண்ணிட்டாங்க சார், 5,500 மட்டும் திருப்பித் தர்றோம், வெளியில சொல்லாதீங்க" என்றார் அதே சூப்பர்வைசர். சென்சார் பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பில்லில் பார்ட் நம்பர் கிடையாது, ஜிஎஸ்டி எண்ணும் கிடையாது, "சென்சார் வேலை" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அந்த 5,500-ஐ நான் வாங்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்; கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போட்டால் போதும்.

நீங்கள் வண்டியை விடும்போது கோடு நம்பரையும் லைவ் ரீடிங்கையும் (எஞ்சின் ஓடும்போது காட்டும் அளவுகள்) ஸ்கேனர் திரையிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பார்ட்டை மாற்றினாலும் கழற்றியதைக் கையில் கேளுங்கள். கன்வெர்ட்டர் என்றால் கட்டாயம் கேளுங்கள், அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம் எல்லாம் இருக்கிறது, பழசுக்கே நல்ல விலை உண்டு. செகண்ட்ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிறவர்கள் சாவியை நீங்களே ஆன் செய்து அந்த விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்து அணைந்தாலும் ஸ்கேனரில் சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று காட்டினால், சமீபத்தில் யாரோ கோடு எண்ணை அழித்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அப்படிக் காட்டும், அதனால் சில நாள் ஓடவிட்டு மறுபடி பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஓசூர் ரோடு பக்கம் சமீபத்தில் இதே விளக்குக்காக வண்டியை விட்டவர்கள் இன்றைக்கே சாவியைத் திருப்பிப் பாருங்கள். இருட்டாக இருந்தால் மீட்டரைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள், புகாருக்கு அது தேவைப்படும்.