சைக்கோபை தங்கம், மானிட்டர் சனியன்

பழுதுபார்க்கப் போன மானிட்டர் போன வாரம் திரும்பி வந்தது. அதே நேரம் பார்த்து, மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி ஆய்வகம் ஒன்றைப் புதிதாக அமைக்கும் நண்பர், "உங்களிடம் இருப்பதையே நானும் வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

சோதனைக்கு வருபவர்களுக்குத் திரையில் படம் காட்டும் மென்பொருளில் குழப்பமே வேண்டாம், சைக்கோபை போதும். இலவசம், திறந்த மூலம். அதிலுள்ள பில்டர் என்ற பகுதியில் பெட்டிகளை அடுக்கியே சோதனையை அமைத்துவிடலாம். தேவைப்படும் இடத்தில் நாலு வரி பைத்தான். புதிய பதிப்பில் பழைய சோதனைகள் சில முரண்டு பிடிக்கும் என்பதால், ஓர் ஆய்வு முடியும்வரை பதிப்பை மாற்றுவதில்லை.

தலைவலியெல்லாம் மானிட்டர்தான். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிவிநாடி. ஃப்ரேம் மாறும் கணத்திலேயே, "படம் வந்துவிட்டது" என்று ஈஈஜி பதிவில் குறிக்கும் ட்ரிகர், கணினியின் பேரலல் போர்ட் வழியாகப் போய்விடுகிறது. அதில் சைக்கோபையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த மானிட்டர், வந்த படத்தைக் கூர்மையாக்கி, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டும். அதையெல்லாம் மெனுவில் அணைத்துவைத்தால் சாது. மின்சாரம் ஒருமுறை போய் வந்தால் போதும், சத்தமில்லாமல் எல்லாம் மறுபடி முளைத்துவிடும். படம் வந்து 100 மில்லிவிநாடி வாக்கில் எழ வேண்டிய பி1 என்ற மூளை அலை, பதிவில் இரண்டு ஃப்ரேம் தள்ளி எழும். தாமதம் எப்போதும் ஒரே அளவு என்றால் கழித்துவிட்டுப் போகலாம். பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு வேறு என்றால், சராசரி எடுக்கும்போது அலையின் உச்சியே மழுங்கிவிடும்.

எங்களைக் காப்பாற்றியது, வெளிச்சம் பட்டால் சிக்னல் தரும் ஒரு ஃபோட்டோடயோடு. திரை மூலையில் படத்தோடு சேர்ந்து மின்னும் வெள்ளைச் சதுரம், அதன்மேல் கறுப்பு டேப் போட்டு ஒட்டிய டயோடு. சிக்னல் ஈஈஜியின் துணைச் சேனலில் பதிவாகும். ஆய்வகத்திலேயே மலிவான பொருள் இதுதான், நான் நம்புவதும் இதை மட்டும்தான். திரை மேலிருந்து கீழாக வரைவதால், கீழ் மூலையில் ஒட்டினால் நடுவிலுள்ள படத்தைவிடக் கிட்டத்தட்ட அரை ஃப்ரேம் பிந்திக் காட்டும். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டால் சரி.

பழுதுபார்த்தவர்கள் உள்ளே போர்டையே மாற்றியிருக்கிறார்கள். மானிட்டரின் புத்தி மாறவில்லை. கேட்டால், "படம் பளிச்சென்று இருக்கிறதே, வேறென்ன வேண்டும்?" என்கிறார்கள்.

பளிச்சென்றுதான் இருக்கிறது, மறுக்கவில்லை. வெளிச்சம் திரை முழுக்க சீர், நிறம் இத்தனை காலமும் பிசகவில்லை, டயோடு பக்கத்தில் இருந்தால் தாமதமும் பிரச்சினையில்லை. இருந்தாலும் வாங்காதீர்கள். டயோடை மட்டும் இன்றைக்கே வாங்கிவிடுங்கள். எந்த மானிட்டர் பார்க்கப் போனாலும் அதைக் கையோடு எடுத்துப் போங்கள், ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் செருகிவிட்டு அளந்து பாருங்கள்.